போர்ஷே என்று சொல்லி பார்ட்ஸ் கேட்காதீர்கள்

கீழக்கரை வாடிக்கையாளர் ஒருவர் ஆசையாக வாங்கி வந்த வண்டி, பார்வைக்கு 1950களின் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர். உண்மையில் ஃபைபர் உடம்பு போட்ட நகல். "பின் பிரேக் டிரம் மட்டும் மாத்தணும்ணே, நானே வாங்கிட்டேன்" என்று பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது ஐந்து போல்ட் டிரம். அவர் வண்டிச் சக்கரத்துக்கோ நாலு போல்ட். போனில் 'போர்ஷே 356' என்று சொல்லி, முழுப் பணமும் கட்டி வாங்கியிருக்கிறார். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நகல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பீட்டிலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2400 மில்லிமீட்டர், ஸ்பீட்ஸ்டருக்கு 2100. அதனால் தரைத்தகட்டை ஏறத்தாழ ஓர் அடி வெட்டியெடுத்து, ஒட்டிப் பற்றவைத்து, மேலே ஃபைபரை உட்கார வைக்கிறார்கள். ஆக, நாம் தேட வேண்டியது பீட்டில் பார்ட்ஸ். மெக்சிகோவில் 2003 வரை பீட்டில் தயாரானது. பல பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

ஆனால் எந்த வருடத்துப் பீட்டில்? பின் சீட் வரும் இடத்தில், தரைத்தகட்டின் நடுவே மேடாக ஓடும் டனல் மேல் சேஸி நம்பர் அடித்திருக்கும். முதலில் அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், வண்டி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. அதற்காக நம்பரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நகல் கட்டியவர் ஒரு வண்டியின் அச்சையும் இன்னொன்றின் கியர்பாக்ஸையும் சேர்த்திருக்கலாம். கழற்றி, அளந்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பிய பிறகே பணம் கட்டுங்கள்.

நம் கடற்கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபைபர் துருப்பிடிக்காது என்பதால் வண்டி வெளியே பளபளவென்று நிற்கும். உப்புக்காற்றில் அடியில் இரும்பு அரித்துக்கொண்டே போகும். பீட்டிலுக்குப் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், வலது பக்கம். இவர் வண்டியில் கார்பெட்டை விலக்கி, பேட்டரியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன். தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி, முனை கீழே மண்ணைத் தொட்டது. பக்கத்திலிருந்த பற்றவைப்பைச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்று வர வேண்டிய இடத்தில் சொத்தென்று வந்தது. இதில் புது டிரம் போட்டு யாரைக் காப்பாற்றுவது?

ஃபைபர் விரிசலுக்கு வெளியூர் போக வேண்டாம். பாம்பன், மண்டபம் பக்கம் படகுக்கு ஃபைபர் வேலை செய்கிறவர்கள் கைதேர்ந்தவர்கள். படகுக்குப் போடுகிற கனம் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதவு கனத்தால் கீல் தொங்கிவிடும்.

அப்புறம், பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதைத் தாங்காது, வெடிப்பு விடும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் கசிந்தால், மேலே மூடியிருப்பது எரியக்கூடிய ஃபைபர். பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லா ஹோஸையும் கிளிப்போடு மாற்றிவிடுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் முறை அவர் என் முன்னாலேயே போன் செய்தார்: "பீட்டில், பின் டிரம், நாலு போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர்." சரியான டிரம் வந்து சேர்ந்தது. தரைத்தகட்டு வேலை முடிகிற வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.