கட்டியை எடுத்தாச்சு, இனி கீமோ எதற்கு?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களில் பலர் கேட்பது இதுதான்: "முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் கீமோ எதுக்கு?" நியாயமான கேள்வி. சிலருக்கு நான் சொல்லும் பதிலே "தேவையில்லை" என்பதுதான்.

முதல் நிலை என்றால் அறுவை சிகிச்சையோடு சரி. நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தால் மூன்றாம் நிலை. கீமோ செய்துகொள்வதே நல்லது. குழப்பமெல்லாம் நடுவில் உள்ள இரண்டாம் நிலையில்தான்: கட்டி குடல் சுவரை ஊடுருவியிருக்கும், கணுக்களுக்குப் பரவியிருக்காது.

இரண்டாம் நிலையினரின் பயாப்ஸி ரிப்போர்ட்டை வரி விடாமல் படிப்பேன். முதலில் பார்ப்பது, எத்தனை கணுக்களைப் பரிசோதித்தார்கள் என்பது. குறைந்தது 12 வேண்டும். ஐந்தாறு கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு "கணுக்களில் நோய் இல்லை" என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்ப மாட்டேன். கட்டி குடலின் வெளிப்படலத்தைத் துளைத்திருக்கிறதா, பக்கத்து உறுப்பில் ஒட்டியிருக்கிறதா, குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாக ஆபரேஷன் நடந்ததா என்பதும் முக்கியம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கீமோவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அடுத்து எம்எஸ்ஐ பரிசோதனை. கட்டியின் செல்களில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதாகியிருக்கிறதா என்று பார்ப்பது இது. 'ஹை' என்று வந்தால் பலரும் பதறிவிடுகிறார்கள். இரண்டாம் நிலையில் அது நல்ல செய்தி. நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. 5-எஃப்யூ வகை கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் பலனும் இல்லை.

பலன் என்றால் எவ்வளவு? 3,239 பேர் பங்கேற்ற, 2007இல் வெளியான குவாசர் ஆய்வில் பெரும்பாலோர் இரண்டாம் நிலையினர். கீமோவால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் என்று அது கணக்கிட்டது. இதைச் சொன்னதும் "அந்த நாலு பேரில் நான் இருந்தால்?" என்று ஒருவர் கேட்பார், "இதுக்கா இத்தனை பாடு?" என்று இன்னொருவர். இருவர் கேட்பதும் சரிதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று கீமோ எழுதுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

அதோடு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்தால் கை கால் மரத்துப்போகும். சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடிக்கும். மூன்றாம் நிலையிலும் எல்லோருக்கும் ஆறு மாதம் வேண்டியதில்லை, பலருக்கு மூன்று மாதமே போதும் என்று 2018இல் வெளியான ஐடியா ஆய்வுகள் காட்டின. எத்தனை மாதம் என்று கேளுங்கள். கீமோ வேண்டும் என்று முடிவானால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். வேண்டாம் என்று முடிவானாலும் நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனைக்கும், ஒரு வருடத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கும் வந்தே ஆக வேண்டும்.