வீங்காத காலில் வாழும் புழு

கொழும்பில் யானைக்கால் நோய்க்கு இரத்தம் எடுக்கிறவர்கள் இரவில்தான் கதவைத் தட்டுவார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கதவைத் திறப்பவர், "எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தேடி வருவதே கால் நன்றாக இருப்பவரைத்தான்.

வுச்செரேரியா பாங்க்ரொப்டி என்ற நூல்போன்ற புழுவே இந்த நோய்க்குக் காரணம். பெண்புழு 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீளும். பல ஆண்டுகள் உயிரோடிருந்து இலட்சக்கணக்கான குஞ்சுகளை இரத்தத்தில் விடும். அசுத்த நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு கடிப்பது இரவில்; குஞ்சுகளும் அந்த நேரம் பார்த்தே தோலருகே வருகின்றன. இரத்தம் எடுக்க இரவில் வருவது இதனால்தான்.

புழு குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில், அதாவது வெண்குழியங்கள் ஓயாமல் போய்வரும் பாதையில். பொலிஸ் நிலையத்திலேயே அறை எடுத்துத் தங்கும் திருடனின் துணிச்சல் இது. எப்படிப் பிடிபடாமல் இருக்கிறது?

சாதாரணமாக ஒரு கிருமி நுழைந்தால், சில வெண்குழியங்கள் அதை விழுங்கித் துண்டாக்கி, அத்துண்டுகளை ரி-கலங்கள் என்ற வேறு வகை வெண்குழியங்களுக்குக் காட்டும். தாக்குதல் அங்கிருந்துதான் தொடங்கும். பைலேரியா எனப்படும் இவ்வகை நூற்புழுக்கள் சுரக்கும் சிஸ்ரற்றின் என்ற புரதம் துண்டாக்கும் நொதிகளையே முடக்குவதால், காட்டுவதற்குத் தேறுவது குறைவு. அடுத்தது இன்னும் நுட்பமானது. நம் உடலை நாமே தாக்காதபடி அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் ரி-கலங்கள் நம்மிடம் உண்டு. புழுத்தொற்றில் இவை பெருகுகின்றன. இன்ரர்லூக்கின்-10 என்ற அமைதிப்படுத்தும் பதார்த்தமும் கூடுகிறது. புழுக்களுக்கு எதிராக வேலைசெய்யும் ஐஜிஈ பிறபொருளெதிரிக்குப் போட்டியாக, அதே இலக்குகளில் போய் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும் ஐஜிஜி4 ஏராளமாக உருவாகிறது.

எலியின் குடலில் வாழும் வேறொரு புழு இதில் எல்லோரையும் மிஞ்சிவிட்டது. 2017 இல் அடையாளங்காணப்பட்ட அதன் புரதமொன்று, பாலூட்டிகளின் டிஜிஎப்-பீற்றா என்ற சமிக்ஞைப் புரதத்துடன் அமைப்பில் எந்த உறவும் இல்லாதது. ஆனாலும் கலங்களின் மேல் டிஜிஎப்-பீற்றா ஒட்டும் அதே ஏற்பிகளில் ஒட்டி, சாதாரண ரி-கலங்களை ஒழுங்குபடுத்தும் ரி-கலங்களாக மாற்றிவிடுகிறது.

அப்படியானால் கால் ஏன் வீங்குகிறது? சமாதானம் குலைவதால். புழு செத்துச் சிதையும்போது அதனுள் வாழும் வொல்பாக்கியா பற்றீரியாக்கள் வெளியேறுகின்றன. அடங்கிக் கிடந்த நிர்ப்பீடனம் சீறியெழ, அந்த அழற்சியும் பின்னால் வரும் தோல் தொற்றுகளும் நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கின்றன. கால் பெருத்தவர்களின் இரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகள் இருப்பதில்லை. வேறு சிலரின் உடல் குஞ்சுகளை ஆரம்பத்திலிருந்தே சகிக்காது. அவர்களுக்கு இரவில் இருமலும் இழுப்பும் வரும், ஆஸ்துமா என்றே பலர் நினைப்பார்கள்.

மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் எல்லோருக்கும் குளிசை கொடுத்தார்கள். யானைக்கால் நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அந்தக் குளிசைகளில் ஒன்றான டிஈசி, ஆய்வுகூடக் குடுவையில் உள்ள குஞ்சுகளை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. உடலுக்குள் போனால்தான் அவை விரைவாக மறைகின்றன, ஏனென்றால் கொல்வது பெரும்பாலும் நம் குழியங்களே. குளிசை போட்ட பிறகு காய்ச்சல் வந்து மருந்தைத் திட்டியவர்களில் பலருக்கு, உள்ளே குஞ்சுகள் நிறைய இருந்திருக்கும்.