கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறினால் குழந்தை ஏன் முந்திப் பிறக்கிறது?

குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ ஒரு கர்ப்பிணிக்குப் பிரஷர் கூடினால் பழி முதலில் கருவாட்டின்மேல் விழும். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ஏறி, சிறுநீரில் புரதத்தையும் இறக்கும் வகைக்கு (ப்ரீஎக்ளாம்ப்சியா) வேர் உப்பில் இல்லை, நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

கரு தங்கிய முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவரின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். அது அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அப்போது அது தாயின் ரத்தத்தில் விடும் புரதங்கள் ரத்தக் குழாய்களின் உட்படலத்தைக் கெடுக்க, பிரஷர் ஏறுகிறது. பிரஷர் 140/90 ஆனாலே நோய்; 160/110-ஐ எட்டினால் வலிப்பும் மூளையில் ரத்தக்கசிவும் வரலாம்.

லேபெடலால், நிஃபெடிபின் மாத்திரைகள் அழுத்தத்தைத்தான் இறக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் தணியத் தொடங்கும். நோய் முற்றினால் 30, 32 வாரத்திலேயே பிரசவம் பார்ப்பது அதனால்தான். அதற்கு முன் குழந்தையின் நுரையீரல் முதிர, தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஊசி 12 மணிக்கொன்றாக நான்கு போடுவார்கள். முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் 36 மணி நேரம். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட், 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளைக்கும் காப்பு. ஆகவே விடாத தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி, முகவீக்கம் எது வந்தாலும் 'விடியட்டும்' என்று இருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போய்விட வேண்டும். இழக்கும் ஒவ்வொரு மணியும் அந்த ஊசிகளுக்கான நேரம்.

35 வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாத எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மீதி வளர்ச்சி வெளியே நடக்கிறது. தாயின் நெஞ்சோடு தோல் ஒட்ட அணைத்து வைப்பதும் தாய்ப்பாலும் இங்கே மருந்துக்குச் சமம். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. வெளியே கண் தெளிவாகத் தெரிவதால் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், பார்வையே போய்விடுகிறது. செவித்திறனும் பார்க்க வேண்டும்.

வளர்ச்சியை 2 வயதுவரை திருத்திய வயதில், அதாவது முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்து, கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்த 6 மாதக் குழந்தைக்கு அது 4 மாதம். அந்தக் கணக்கிலும் 4 மாதத்தில் தலை நிற்காவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டினால், 'குறைமாசப் பிள்ளை, மெல்ல வரும்' என்று விடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பயிற்சியைத் தொடங்குங்கள். தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.