"எனக்கும் இந்த வயசுல இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்ற அம்மாக்களுக்கு

போன மார்ச்ல, பிளஸ் டூ பரீட்சை நடந்துகிட்டு இருந்த நேரம், மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும், ஓபி முடிச்சு எந்திரிக்கப் போறேன், ஒரு அம்மா பொண்ணைத் தாங்கிப் புடிச்சுகிட்டு உள்ள வந்தாங்க. பொண்ணு யூனிஃபார்ம்லயே இருக்கா, நெத்தியெல்லாம் வேர்வை, ஹால் டிக்கெட்ட இன்னும் கையில கசக்கிப் புடிச்சிருக்கா. பாதி எழுதிகிட்டு இருக்கும்போதே வலி வந்து, வாந்தி வந்து, கடைசியில இருந்த பெரிய கேள்விகளை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு வந்திருக்கா. "டாக்டரம்மா, மாசா மாசம் பீரியட்ஸ் வந்தா இப்படித்தான் துடிச்சுக் கெடக்கா, பிள்ளப்பேறு வலி மாதிரி விட்டு விட்டு வருதுங்கா, ஒரு ஊசி போட்டு விடுங்க"ன்னாங்க. அடுத்த மூச்சுலயே, "எனக்கும் இந்த வயசுல இப்படித்தான் இருந்துச்சு, ஒரு கல்யாணத்த பண்ணி வெச்சா சரியாயிரும்"னும் சொன்னாங்க.

நான் மகப்பேறு டாக்டர், தெற்குச் சீமையில ஒரு சின்ன டவுன்ல பிராக்டிஸ் பண்றேன், இந்த ரெண்டாவது வரிய கேக்காத வாரமே எனக்குக் கிடையாது. அதான் இதை எழுதணும்னு தோணுச்சு. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏத்தி, வலி கொஞ்சம் அடங்கினப்புறம் வயித்தைத் தொட்டுப் பாக்கலாம்னு துணிய ஒதுக்கினா, தொப்புளுக்குக் கீழ தோல்ல பழுப்பு கலர்ல வலை பின்னின மாதிரி ஒரு தடம். தீக்காயம் இல்ல, சொறி இல்ல, தொட்டா வலிக்காது. மாசாமாசம் கொதிக்கிற ஹாட் வாட்டர் பேக்கை துணி கூட சுத்தாம வயித்துல அழுத்தி அழுத்தி வெச்சா வர்ற தடம் அது. எத்தனை வருஷமா இந்தப் புள்ள இப்படிக் கெடக்குதுன்னு அந்தத் தடமே சொல்லிருச்சு. வலியை பெருசு பண்றா, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்னு யாராவது சொன்னா நான் இந்தத் தடத்தைத்தான் காட்டுவேன்.

பிரசவ வலி மாதிரின்னு சொல்றாங்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்றது இல்லங்க. பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சடார்னு இறங்கும், அப்போ கர்ப்பப்பையோட உள் தோல்ல இருந்து புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் சுரக்கும், அதுதான் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. லேபர் வார்டுல வலி வரலைன்னா உள்ள ஒரு ஜெல் வைப்போமே, அதுவும் இந்த புரோஸ்டாகிளாண்டின் குடும்பம்தான். பிரசவத்துக்கப்புறம் உதிரப்போக்கு நிக்கலைன்னா கார்போப்ரோஸ்ட்னு ஒரு ஊசி போடுவோம், அதுவும் அதே குடும்பம், அந்த ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல பல பேருக்கு பேதி புடுங்கும், வாந்தி வரும், லேபர் வார்டு சிஸ்டர்களைக் கேட்டாத் தெரியும். பீரியட்ஸ் முதல் நாள் லூஸ் மோஷன் போகுது, குமட்டுது, தலை சுத்துதுன்னு பொண்ணுங்க சொல்றது இதேதான். வெளியில சாப்பிட்டது சேரலைன்னு நெனச்சுகிட்டு திட்டு வாங்கிட்டு இருப்பாங்க பாவம்.

இன்னும் ஒண்ணு. பிரசவத்தோட முதல் கட்டத்துல கர்ப்பப்பைக்குள்ள அழுத்தம் சுருங்கும்போது ஏறக்குறைய 40ல இருந்து 60 மிமீ பாதரசம் வரைக்கும் போகும், பீரியட்ஸ் வலி கடுமையா இருக்குறவங்களுக்கு அது 120க்கு மேல போறதை அளந்தே பாத்திருக்காங்க. அதுமட்டுமில்ல, பிரசவ வலியில ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவுல கர்ப்பப்பை நல்லா தளரும், ரத்தம் ஓடும், பொம்பள கொஞ்சம் மூச்சு விட்டுக்குவா. பீரியட்ஸ் வலியில பல பேருக்கு அந்தத் தளர்ச்சியே சரியா வர்றதில்ல, ரத்தக்குழாயும் சுருங்கிப் போயி தசைக்கு ரத்தம் பத்தாம, ராத்திரி கெண்டைக்கால்ல நரம்பு இழுத்துக்குமே அந்த மாதிரி இழுத்துப் புடிக்கும். அதனால பிள்ள பெத்த அம்மாவே "இதென்னடி பெரிய வலி"ன்னு பொண்ணுகிட்ட சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

இது வரைக்கும் சொன்னது வேற நோய் எதுவும் இல்லாம வர்ற சாதாரண பீரியட்ஸ் வலி. வயசுக்கு வந்து ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கும், உதிரம் பட்ட அன்னைக்குத் தொடங்கி ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும். பெரும்பாலான பொண்ணுங்களுக்கு இருக்குறது இதுதான், இதுக்கு மாத்திரை நல்லாவே கேக்கும். ஆனா எப்போ போடணும்கிறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. துடிக்கத் துடிக்கப் பொறுத்துகிட்டு, தாங்க முடியாத கட்டத்துல வெறும் வயித்துல ஒரு மெஃப்டால் ஸ்பாஸ் போட்டு, அதையும் வாந்தியா எடுத்துட்டு, "மாத்திரை கேக்கல மேடம்"னு வருவாங்க. 1971ல ஜான் வேன்னு ஒரு விஞ்ஞானி ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகுறதையே தடுக்குதுன்னு கண்டுபிடிச்சாரு, 1982ல அவருக்கு நோபல் பரிசில பங்கு கெடச்சுது. மெஃப்டால் ஸ்பாஸ்ல இருக்குற மெஃபினாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் எல்லாம் அந்த வழியிலதான் வேலை செய்யுது. உண்டாகுறதைத் தடுக்குற மருந்தை உண்டாகி முடிச்சு நிறைஞ்சப்புறம் போட்டா என்ன பிரயோஜனம்? லேசா வலி ஆரம்பிக்கும்போதே, இல்ல முதல் சொட்டு பட்டதுமே, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டு போடணும், டாக்டர் சொன்ன இடைவெளியில ரெண்டு நாளைக்கு விடாம போடணும். அல்சர், கிட்னி பிரச்சனை, மாத்திரையால மூச்சிழுப்பு வர்றவங்க, டெங்கு சந்தேகத்துல காய்ச்சலா கெடக்குறவங்க இதைத் தொடக்கூடாது.

2023 கடைசியில இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபினாமிக் ஆசிட் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டாங்க, அதைப் பாத்துட்டு நெறைய பேர் மாத்திரையையே விட்டுட்டு வலியோட உக்காந்திருந்தாங்க. அவங்க சொன்னது ரொம்ப அபூர்வமா வர்ற ஒரு அலர்ஜி, மாத்திரை போட்டு சில வாரத்துல காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுறது எல்லாம் சேர்ந்து வரும். அப்படி வந்தா நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அதுக்காக எல்லாரும் பயந்து நிறுத்த வேண்டியதில்ல.

உளுந்தங்களி, வெந்தயம், சூடு ஒத்தடம் எல்லாம் தாராளமா செய்யுங்க. ஒத்தடத்துக்கு வலியைக் குறைக்குற சக்தி நிஜமாவே இருக்கு. துணி சுத்தி வைங்க, அவ்வளவுதான்.

இப்போ அந்த அம்மா விஷயத்துக்கு வர்றேன். "உங்களுக்கு கல்யாணம் ஆனப்புறம் சரியாச்சாம்மா?"ன்னு கேட்டேன். சும்மா இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "எங்க மேடம், அஞ்சு வருஷம் குழந்தை இல்ல, ஊர்ல ஒரு கோயில் பாக்கி இல்ல, அப்புறம் வைத்தியம் பாத்துத்தான் இவ பொறந்தா, முப்பத்தேழு வயசுல வலி தாங்க முடியாம கர்ப்பப்பையையே எடுத்தாச்சு"ன்னாங்க. எதுக்கு எடுத்தாங்கன்னு கேட்டா, "கட்டின்னு சொன்னாங்க." ரிப்போர்ட் இருக்கான்னேன். மறுநாள் ஒரு மஞ்சப்பையில பழைய காகிதம் அத்தனையும் கொண்டு வந்தாங்க, ஸ்கேன் படம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கு, அதுக்கு நடுவுல நாலா மடிச்சு வெச்ச பயாப்ஸி ரிப்போர்ட். கர்ப்பப்பையில அடினோமயோசிஸ், எடுத்த ஒரு சினைப்பையில எண்டோமெட்ரியோசிஸ் கட்டி, நாங்க சாக்லேட் கட்டின்னு சொல்வோமே அது. ஒன்பது வருஷமா அந்தக் காகிதம் பீரோவுல கெடந்திருக்கு, அதுல என்ன எழுதியிருக்குன்னு யாருமே அவங்களுக்கு எடுத்துச் சொல்லல. ஆபரேஷன் நல்லபடியா பண்ணியிருக்காங்க, நோய் பேரைச் சொல்ல மட்டும் ஆள் இல்ல.

எண்டோமெட்ரியோசிஸ்னா, கர்ப்பப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய தோல் மாதிரியே ஒரு தோல் வெளியில, சினைப்பை மேல, குடல் மேல, இடுப்புக்குழி உள்சுவர்லன்னு வளர்றது. அதுவே கர்ப்பப்பையோட தசைக்குள்ள புகுந்துட்டா அடினோமயோசிஸ். உலக சுகாதார நிறுவனம் குழந்தை பெறுற வயசுல இருக்குற பொண்ணுங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்குன்னு சொல்றாங்க, கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகுதுன்னும் சொல்றாங்க. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தா பொண்ணுக்கு வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடும். அதனால "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு ஒரு அம்மா ஆறுதலுக்குச் சொல்றாங்க பாருங்க, எனக்கு அது குடும்ப நோய் வரலாறு. கேட்ட உடனே பேனா எடுத்து எழுதிக்குவேன்.

கல்யாணம் ஆனா சரியாயிரும்கிற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, சாதாரண பீரியட்ஸ் வலி வயசு ஏற ஏற, பிள்ள பெத்தப்புறமும் பல பேருக்கு நெஜமாவே குறையும். எண்டோமெட்ரியோசிஸ் அப்படி இல்ல, அது சில பேருக்கு வருஷா வருஷம் ஏறிகிட்டே போகலாம், பல பேருக்கு குழந்தை உண்டாகுறதையே கஷ்டமாக்கும். அதை வெச்சுகிட்டு வலிக்கு மருந்தா கல்யாணம், குழந்தைன்னு காத்திருக்குறது அந்தப் பொண்ணுக்குப் பண்ற அநியாயம்னுதான் நான் சொல்வேன்.

பொண்ணைத் தனியா உக்கார வெச்சுக் கேட்டேன். அம்மா முன்னாடி சொல்லாதது எல்லாம் அப்போதான் வந்துச்சு. வலி உதிரம் படுறதுக்கு மூணு நாள் முன்னாடியே தொடங்குதாம். அந்த நாள்ல மோஷன் போகும்போது கத்தி வெச்சு குத்துற மாதிரி இருக்குமாம், அதுக்குப் பயந்து சாப்பிடாமலே இருந்துக்குவாளாம். ஒன்பதாவதுல ஒரு நாள் லீவு போட்டவ இப்போ மாசம் மூணு நாள் போடுறா. மாத்திரையை நேரத்துக்குப் போட்டும் பாதிதான் கேக்குது. ஸ்கேன் எடுத்தோம், நார்மல். இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. சின்னச் சின்ன திட்டா இடுப்புக்குழி சுவர்ல ஒட்டியிருக்குற நோய் சாதாரண ஸ்கேன்ல தெரியாது. "ஸ்கேன் நார்மல், எல்லாம் மனசுதான்"னு அனுப்பி வெச்ச பொண்ணுங்களை நான் பத்து வருஷம் கழிச்சு குழந்தையின்மைக்குப் பாத்திருக்கேன். மாத்திரையும் ஹார்மோனும் கேக்காத டீனேஜ் பொண்ணுங்களுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு, பண்ணிப் பாத்தா மூணுல ரெண்டு பேருக்காவது எண்டோமெட்ரியோசிஸ் இருக்குன்னு ஆய்வுகள் காட்டுது. அதுக்காக எடுத்த எடுப்புலயே ஆபரேஷன் வேண்டாம், சந்தேகம் பலமா இருந்தா ஹார்மோன் மாத்திரைய ஆரம்பிச்சே பாக்கலாம், இப்போ அதுதான் நடைமுறை.

ஹார்மோன் மாத்திரைன்னதும் அந்த அம்மா முகம் மாறிப் போச்சு. "குடும்பக் கட்டுப்பாடு மாத்திரையா? வயசுப் புள்ளைக்கா? நாளைக்கு குழந்தை தங்காமப் போயிட்டா?" நியாயமான பயம்தான், திட்டக்கூடாது. மாத்திரை நிறுத்தினா முட்டை உருவாகுறது தன்னால திரும்ப வந்துரும், இதால கர்ப்பப்பை கெடாது. நாம பயப்பட வேண்டியது மாத்திரை போடாம உள்ள வளர்ற நோய்க்குத்தான்னு சொன்னேன். கண்ணு முன்னாடி மின்னல் மாதிரி தெரிஞ்சு தலைவலி வர்றவங்களுக்கும், ரத்தக்கட்டு வந்தவங்களுக்கும் எல்லா வகையும் ஆகாது, அதனால அக்கா போட்ட மாத்திரைய தங்கச்சி வாங்கிப் போடக்கூடாது.

வேற சில விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன். வயசுக்கு வந்த முதல் மாசத்துல இருந்தே கடும் வலின்னாலோ, பதினாலு பதினஞ்சு வயசாகியும் வயசுக்கு வராம மாசாமாசம் அடிவயிறு மட்டும் வலிக்குதுன்னாலோ, உதிரம் வெளியேற வழி பிறவியிலேயே அடைச்சிருக்கலாம், உள்ளயே தேங்கி நிக்கும், சில புள்ளைங்க ஒண்ணுக்கு வராம அடைச்சுப் போயி வருவாங்க. உடனே காட்டணும்.

கோயில் கொடை, சபரிமலை மாலை, அக்கா கல்யாணம்னு மெடிக்கல்ல டேட் தள்ளிப் போடுற மாத்திரை வாங்கிப் போடுறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். நிறுத்தினப்புறம் சில பேருக்கு உள்தோல் கொஞ்சம் கொஞ்சமா உதிராம, கர்ப்பப்பை வடிவத்துலயே ஒரே துண்டா வெளிய வரும், அது வர்ற வரைக்கும் அசல் பிரசவ வலிதான். ஒரு தங்கச்சி அதை கேரி பேக்ல போட்டு நடுங்கிகிட்டே கொண்டு வந்தா, வீட்டுல எல்லாரும் கரு கலைஞ்சுருச்சோன்னு அவளைக் கேட்ட கேள்வி வலியை விடப் பெருசு. டெஸ்ட் பண்ணதுல அது வெறும் உள்தோல்தான்னு தெரிஞ்சுது. ஆனா கர்ப்பப்பைக்கு வெளிய கரு தங்கியிருந்தாலும் இப்படி வரலாம், அதனால டெஸ்ட் பண்ணிப் பாக்காம விடக்கூடாது. நாள் தள்ளிப் போயி ஒரு பக்கமா வலி, மயக்கம், தோள்பட்டை வலின்னா ராத்திரியா இருந்தாலும் கிளம்பி வாங்க. திடீர்னு ஒரு பக்கம் முறுக்கிப் புடிக்குறது, வலியோட காய்ச்சல், மணிக்கு ஒரு நாப்கின் நனையுறது, இதுக்கும் காலையில பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது.

அந்தப் பொண்ணு விடுபட்ட மார்க்கோடவே பாஸ் பண்ணிட்டா, இப்போ காலேஜ் முதல் வருஷம். நாலு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தா, வலி முழுசா போகல, முதல் நாள் கொஞ்சம் இருக்கு, ஆனா லீவு போடல. வயித்துல அந்தத் தடம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்து பொண்ணு ஃபைல்லயே முதல் பக்கமா வெச்சிருக்கேன். கிளம்பும்போது அவங்க கதவுகிட்ட நின்னு, "எங்க தங்கச்சிக்கும் இதே வலிதான் டாக்டரம்மா, அவ பொண்ணு இப்போ பத்தாவது படிக்கா, அடுத்த திங்கக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரட்டா?"ன்னு கேட்டாங்க.