அரைக்கிலோ நாய்க்குட்டியின் சர்க்கரைக் கணக்கு

எட்டு வாரம் நிரம்பிய சிவாவா அல்லது யார்க்‌ஷயர் டெரியர் குட்டி ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தால், எடை பெரும்பாலும் அரைக்கிலோவை ஒட்டியே இருக்கும். நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்கு 80 முதல் 90 மில்லி வரை இரத்தம் உண்டு என்பதால், இந்தக் குட்டியின் மொத்த இரத்தமும் 40 மில்லிக்குச் சற்றுக் கூடுதல்தான். இருமல் மருந்துக் குப்பியோடு வரும் 10 மில்லி மூடியால் அளந்தால் நான்கு மூடி. நூறு மில்லி இரத்தத்தில் நூறு மில்லிகிராம் குளுக்கோஸ் என்ற இயல்பான அளவை வைத்துக் கணக்கிட்டால், அந்த நேரத்தில் குட்டியின் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை முழுவதும் சேர்ந்து 40 மில்லிகிராம். நாம் காபியில் போடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் நூற்றில் ஒரு பங்கு.

இப்படிப்பட்ட மிகச் சிறிய, ‘டாய்’ எனப்படும் பொம்மை இன நாய்க்குட்டியை வளர்ப்பதில் உள்ள சிரமங்களில் பெரும்பகுதி இந்த 40 மில்லிகிராமிலிருந்தே புறப்படுகிறது. எத்தனை வேளை உணவு, ஏன் குளிர் ஆகாது, குடற்புழு ஏன் இவ்வளவு கெடுதல், ஒரு நாள் வயிற்றுப்போக்கு ஏன் உயிருக்கே உலை வைக்கிறது என்ற கேள்விகளைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட, இவை எல்லாவற்றையும் ஒரே வரவுசெலவுக் கணக்கின் வெவ்வேறு வரிகளாகப் பார்த்தால் விளங்கிக்கொள்வது எளிது.

முதலில் செலவு. ஒரே நேரத்தில் ஊற்றி வைத்த டம்ளர் காபி ஆறிப்போன பிறகும் அண்டாவில் இருக்கும் சாம்பார் கொதிப்புக் குறையாமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொருள் சிறியதாகச் சிறியதாக, அதன் கொள்ளளவோடு ஒப்பிடுகையில் வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகிறது. உயிருள்ள உடலில் இந்த இழப்பை உணவை எரித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். சிற்றுடல்கள் கிலோவுக்கு அதிக ஆற்றலைச் செலவிடுவதற்கு மேற்பரப்பு மட்டுமே காரணம் அல்ல என்றாலும், செலவு எப்படிக் கூடுகிறது என்பதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. எலி முதல் மாடு வரையிலான விலங்குகளின் அளவீடுகளைக் கொண்டு 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்பவர் வகுத்த அந்த விதியின்படி, ஆற்றல் செலவு உடல் எடைக்கு நேராகக் கூடுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கிற்கே (0.75 என்ற அடுக்குக்குறிக்கே) கூடுகிறது; அதாவது எடை இரட்டித்தால் செலவு ஏறக்குறைய 1.7 மடங்குதான் ஆகிறது. கால்நடை மருத்துவர்கள் இன்றும் கிலோவில் உள்ள எடையை முக்கால் அடுக்கிற்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கியே நாயின் ஓய்வுநிலைத் தேவையைக் கணிக்கிறார்கள். 30 கிலோ லாப்ரடாருக்கு அது ஏறக்குறைய 900 கிலோகலோரி, அதாவது கிலோவுக்கு 30. நம் அரைக்கிலோ குட்டிக்கு மொத்தம் 42 என்றாலும், கிலோவுக்கு என்று பார்த்தால் 80-ஐத் தாண்டுகிறது. நான்கு மாதம் வரை வளர்ச்சிக்காக இதை மூன்று மடங்காக்க வேண்டும் என்பதால், ஒரு நாளைக்கு 125 கிலோகலோரி அதன் வயிற்றுக்குள் போயாக வேண்டும்.

இனி இருப்பு. கொழுப்பை ஒதுக்கிவிட்டுக் குளுக்கோஸ் மட்டுமே எரிவதாக வைத்துக்கொண்டால், உறங்கிக்கொண்டிருக்கும் குட்டிக்குக்கூட இரத்தத்தில் உள்ள 40 மில்லிகிராம் ஆறு நிமிடம் தாங்காது. ஆகவே இரத்தச் சர்க்கரை என்பது சேமிப்பு அன்று. ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் வடிந்துகொண்டே இருக்கும் தொட்டி. உணவு செரிக்கும் வரை குடல் அதை நிரப்புகிறது. அது ஓய்ந்ததும் கணையம் சுரக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோனின் தூண்டுதலால், கல்லீரல் தன்னிடம் கிளைக்கோஜனாகக் கட்டி வைத்திருக்கும் குளுக்கோஸை அவிழ்த்துவிடத் தொடங்குகிறது. கிளைக்கோஜனும் குறைந்தால் தசைகளிலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரலே புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. வளர்ந்த நாய் இந்த ஏற்பாட்டை நம்பி ஓரிரு நாள் பட்டினியைக்கூடத் தாங்கிக்கொள்ளும்.

குட்டியிடம் இந்த மூன்றுமே அரைகுறை. கல்லீரல் சிறியது, கிளைக்கோஜன் சில மணி நேரத்துக்கே போதும். புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் நொதிகள் இன்னும் முழுத்திறனுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் மூலப்பொருள் தரத் தசையும் கொழுப்பும் உடம்பில் போதவில்லை. ஆனால் மூளை மட்டும் உடலின் அளவுக்குச் சுருங்கவில்லை. நாய்களின் உருவம் சிறுத்ததில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007-இல் தெரியவந்தது. சிற்றுருவத்தோடு தொடர்புடைய அதன் ஒரு வடிவம் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாய் ஒன்றிடமே இருந்தது என்பது 2022-இல் தெரிந்தது. உடலைச் சுருக்கிய தேர்வு தலையை அதே வீதத்தில் சுருக்காததால், உடல் எடையோடு ஒப்பிடுகையில் சிறிய நாய்க்கே பெரிய மூளை. மூளையோ அன்றாட எரிபொருளுக்குக் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. ‘டீகப்’ என்ற பெயரில் இன்னும் சிறியனவாகப் பொறுக்கி விற்கப்படுபவை தனி இனம் அல்ல. அதே இனத்தின் மிகச் சிறிய குட்டிகள், அவ்வளவுதான். விலை கூடுகிறது, மேலே சொன்ன கணக்கு இன்னும் இறுகுகிறது.

சர்க்கரை 100 மில்லிக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை நிலை. அறிகுறிகள் இரண்டு கட்டமாக வருகின்றன. முதலில் உடல் அட்ரினலினைச் சுரந்து கல்லீரலை உசுப்பிப் பார்க்கிறது. நடுக்கமும் படபடப்பும் அதன் விளைவு. அதனாலும் பலன் இல்லாதபோது மூளை பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. குட்டி குடித்தவனைப் போலத் தள்ளாடும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், கூப்பிட்டால் திரும்பாது, கண் நிலைகுத்தும், பிறகு வலிப்பு. இதில் ஏமாற்றக்கூடியது நடுவில் வரும் அரைமயக்கம்தான். காலை முழுவதும் துள்ளித் திரிந்த குட்டி களைத்துத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்து விட்டுவிடுவார்கள். தூங்கும் குட்டியைத் தொட்டால் உடல் வெதுவெதுப்பாக இருக்கும், கை பட்டதும் அசையும். சர்க்கரை இறங்கிய குட்டியின் காதும் பாதமும் சில்லிட்டிருக்கும், ஈறு வெளிறியிருக்கும், தூக்கினால் ஈரத்துணி போலத் துவளும்.

அப்போது செய்ய வேண்டியது சிறியது, ஆனால் உடனே செய்ய வேண்டியது. குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ சில சொட்டு வெந்நீரில் கெட்டியாகக் குழைத்து, விரலால் ஈறிலும் நாக்கின் மேலும் தடவ வேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். ஈறு வழியாக உறிஞ்சப்படும் சர்க்கரை மிகக் குறைவு. மெல்லக் கரைந்து தொண்டைக்குள் இறங்குவதுதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. எனவே இது மருத்துவரிடம் போய்ச் சேரும் வரைக்குமான ஏற்பாடு. அவர் டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசலை இரத்தநாளத்தில் ஏற்றுவார். போகும் வழியில் குட்டியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொள்வதும் சிகிச்சையே, குளிர்ந்த குடல் உணவை நகர்த்துவதில்லை என்பதால். வழியிலேயே குட்டி தெளிந்துவிட்டாலும், சர்க்கரையோடு நிறுத்தாமல் புரதமுள்ள உணவைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வெறும் சர்க்கரை இன்சுலினைத் தூண்டிவிட்டு, ஏறிய வேகத்திலேயே மறுபடி இறங்கிவிடும். வீட்டில் தாத்தாவுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவியைக் குட்டிக்குப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: மனித இரத்தத்தில் சிவப்பணுவுக்கும் திரவத்துக்கும் இடையே குளுக்கோஸ் பங்கிடப்படும் விகிதம் நாயின் விகிதத்திலிருந்து வேறுபடுவதால், அந்தக் கருவி நாய்க்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

புது வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. பயணக் களைப்பு, தாயைப் பிரிந்த ஏக்கம், குழந்தைகள் மாற்றி மாற்றித் தூக்குவது, பழக்கமில்லாத உணவு என்று செலவு கூடும் அதே நேரத்தில் குட்டி சாப்பிட மறுக்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவில் 2017-இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்வது இதனால் முக்கியமாகிறது. ஆறு வாரக் குட்டி இன்னும் தாய்ப்பாலை முழுதாக விட்டிருப்பதில்லை.

அந்தத் தாய்ப்பாலுக்குப் பதிலாக நம் வீடுகளில் கொடுப்பது பெரும்பாலும் தண்ணீர் கலந்த பசும்பால். நாயின் பாலில் கொழுப்பு 9 விழுக்காட்டை ஒட்டியும் புரதம் 7 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். பசும்பாலில் இவை ஏறத்தாழ 4, 3 என்ற அளவில்தான் உண்டு. ஆனால் லாக்டோஸ் என்ற பாற்சர்க்கரை மட்டும் அதிகம். நூறு மில்லிக்கு 65 கிலோகலோரி என்று கொண்டால், 125 கிலோகலோரிக்கு 190 மில்லி பால் வேண்டும். இது அறுபது கிலோ மனிதர் நாளுக்கு 23 லிட்டர் குடிப்பதற்குச் சமம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் அது இரட்டிக்கும். குட்டியின் வயிறு அதற்கு முன்பே நிரம்பிவிடும். மிஞ்சிய லாக்டோஸ் குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைத் தரும். பால்சோறும் தயிர்சாதமும் இதைவிடச் சற்றுத் தேவலை, அவ்வளவே. உலர்நிலையில் அரிசியின் புரதம் 7 அல்லது 8 விழுக்காடு. வளரும் குட்டிக்கோ 22 விழுக்காடாவது வேண்டும், சுண்ணாம்புச் சத்து தனியாக வேண்டும். ‘எங்கள் பொமரேனியன் பால்சோற்றிலேயே வளர்ந்தது’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்பட்டவற்றில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். பெரிய உடம்பு, அந்த உடம்பின் கணக்கு வேறு.

சிறிய இனக் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் உலர் தீவனத்தில் 100 கிராமுக்கு 380 முதல் 400 கிலோகலோரி வரை இருப்பதால், நாளுக்கு 32 கிராம் போதும். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிசைந்து கொடுக்கலாம். அளவைவிட இடைவெளிதான் முக்கியம். மூன்று மாதம் வரை விழித்திருக்கும் நேரத்தில் மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறையும், இரவில் படுக்கப் போகுமுன் பதினோரு மணிக்கு ஒன்றும், காலை ஆறு மணிக்கு ஒன்றும் கொடுத்தால் நீண்ட இடைவெளி ஏழு மணி நேரத்தைத் தாண்டாது. நான்கு மாதத்துக்குப் பிறகு படிப்படியாக மூன்று வேளைக்கு வரலாம். வேறு தீவனத்துக்கு மாற்றுவதானால் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுவது நல்லது.

சர்க்கரையைத் தாழ்த்தும் பொருள் ஒன்று வீட்டிலேயே இருக்கலாம். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், சிலவகை மிட்டாய், பற்பசை ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் மனிதருக்குத் தீங்கற்றது. நாயின் கணையமோ அதைக் குளுக்கோஸ் என்று தவறாக எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டுகிறது. கிலோவுக்கு 0.1 கிராமே போதும் என்பதால், அரைக்கிலோ குட்டிக்கு ஒரு சூயிங்கமே ஆபத்து.

குடற்புழு இந்தக் கணக்கில் வாசல் வழியாக வரும் திருடன் அன்று. பிறக்கும்போதே உள்ளே இருப்பவன். உருளைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் நுழைகிறது, கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வருகிறது. ஒரு கொக்கிப்புழு நாளுக்குச் சுமார் 0.1 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்யும். ஐம்பது புழு இருந்தால் 5 மில்லி, அதாவது நான்கு மூடி இரத்தத்தில் அரை மூடி. இதனால்தான் இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை என்று ஆறு மாதம் வரை புழுமருந்து தருகிறார்கள். மருந்தின் அளவை அன்றைய எடையை வைத்தே தீர்மானிக்க வேண்டும்; கண்திட்டம் இங்கே செல்லாது.

பார்வோ வைரஸ் தாக்குவது குடற்சுவரைப் புதுப்பிக்கும் செல்களை. வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரவு முழுவதும் அடைபட்டுவிடும் என்பதால், பெரிய இனக் குட்டியைவிடச் சிறிய குட்டிக்கு அவகாசம் குறைவு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருட்கள் எந்த வாரத்தில் தேய்ந்து தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுகிறது. அவை இருக்கும்வரை தடுப்பூசியையும் முறியடித்துவிடும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை ஊசி திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். உடம்பு சிறியது என்பதால் பாதி மருந்து போதும் என்று கேட்பவர்கள் உண்டு. தடுப்பூசி எடைக்கு அளந்து தரும் மருந்து அன்று, நோயெதிர்ப்பு அமைப்பை எழுப்புவதற்கான குறைந்தபட்ச அளவு. பாதியாக்கினால் எழும்பாமலே போகலாம். ஊசி போட்ட அன்று சோர்ந்து சாப்பிடாமல் இருந்தால், அந்த வேளை உணவைத் தவறவிடாமல் ஊட்டிவிட வேண்டும்.

குளிர்சாதன அறையின் தரையில் படுக்கவிடுவதும் குளித்த ஈரத்தோடு விடுவதும் இதே கணக்கில் செலவைக் கூட்டுபவைதான். நாள்தோறும் ஒரே நேரத்தில், காலை உணவுக்கு முன், கிராம் காட்டும் மின்தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன்பே சரிவு தெரிந்துவிடும். அரைக்கிலோவில் 25 கிராம் குறைவு என்பது இருபதில் ஒரு பங்கு.

பெரும்பாலான குட்டிகள் நான்காம் மாதத்தில் தசையும் கல்லீரலும் தேறி இந்த ஆபத்தைக் கடந்துவிடுகின்றன. வேளை தவறாமல் உண்டும் மறுபடி மறுபடி சர்க்கரை இறங்கினால், அதுவும் உணவுக்குப் பிறகு குட்டி மந்தமாகிச் சுவரை வெறித்து நின்றால், யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற இனங்களில் மருத்துவர் வேறொன்றைச் சந்தேகிப்பார். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போக வேண்டிய இரத்தம், பிறவியிலேயே அமைந்த ஒரு கிளைக்குழாய் வழியே கல்லீரலைத் தவிர்த்துவிட்டு நேராகப் பொது ஓட்டத்தில் கலக்கும் கோளாறு அது. கல்லீரல் வளராமல் சிறுத்தே இருப்பதால் சர்க்கரையும் சேமிக்கப்படுவதில்லை, புரதச் செரிமானத்தில் உண்டாகும் அம்மோனியாவும் வடிகட்டப்படுவதில்லை. உணவுக்கு முன்னும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் பித்த அமிலங்களை அளந்து பார்த்தால் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனில் கிளை தென்படும். பல குட்டிகளுக்கு அதை அறுவை சிகிச்சையில் மெல்ல மெல்ல அடைத்துவிட முடிகிறது.