சொல் விளக்கம்: உளவளத்துணை

பேராதனையிலும் பதுளையிலும் படிக்கும் நம் பிள்ளைகள் 'கவுன்சிலிங்' என்கிறார்களே, அதற்கு இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் உளவளத்துணை. அந்த வேலையைச் செய்பவர் உளவளத்துணையாளர். தமிழ்நாட்டில் மனநல ஆலோசனை என்பார்கள். கலந்தாய்வு என்ற சொல்லும் உண்டு; ஆனால் அங்கே கலந்தாய்வு என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் பிரித்துக் கொடுப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கொன்சிலியும்' என்றால் யோசனை, அறிவுரை. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. சபையைக் குறிக்கும் 'கவுன்சில்' வேறு வேரிலிருந்து வந்தது. அது 'கொன்கிலியும்', அதாவது கூட்டம். தமிழில் எழுதும்போது சபை உறுப்பினரும் கவுன்சிலர், மனக்காயத்தோடு வருபவரின் பேச்சைக் கேட்பவரும் கவுன்சிலர் என்றாகிவிடுகிறது.

பல்கலைக்கழகத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுகிறது. அங்கே 'ஸ்டுடன்ட் கவுன்சிலர்' என்று ஒரு பொறுப்பு உண்டு. தமிழில் மாணவர் ஆலோசகர். பெரும்பாலும் விரிவுரையாளர்களே பாடம் நடத்துவதோடு இதையும் பார்க்கிறார்கள். விடுதிப் பிரச்சினை, மாணவர் நலன், பகிடிவதை (ராகிங்) என்று எல்லாம் அவர்களிடம்தான் போகும். உளவளத்துணையாளர் அதற்கென்றே பயிற்சி பெற்றவர். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த முதலாம் வருட மாணவியிடம் விடுதி அக்கா, "கவுன்சிலர்கிட்ட சொல்லிப் பார்ப்போமா தங்கச்சி?" என்று கேட்டால், "வேணாம் அக்கா, சேர் வீட்டுக்குச் சொல்லிருவாரு" என்ற பதில் வருவது இயல்பு. அவள் மனதில் இருப்பது விசாரணையும் புத்திமதியும். 'ஏன் அந்நேரத்தில் அங்கே போனாய்?' என்ற கேள்விக்குத்தான் அவள் பயப்படுகிறாள்.

அதனால்தான் ஆலோசனை என்ற சொல்லை இந்த இடத்தில் நான் விரும்புவதில்லை. ஆலோசனை என்றாலே ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டும். உளவளத்துணையில் பேசுவது வந்தவர்; கேட்பது துணையாளர்.

சொல்லைப் பிரித்தால் உளம், வளம், துணை. உளம் என்பது உள்ளத்தின் குறுக்கம். அந்த உள்ளத்தில் வளம் ஏற்கெனவே இருக்கிறது, அதை மீட்டெடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதே சொல்லின் கருத்து. துணை என்ற சொல்லைத் தேயிலைத் தோட்டத்தில் விளக்கத் தேவையில்லை. இருட்டிய பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போக வேண்டிய பெண், "துணைக்கு வாங்க அக்கா" என்று அடுத்த காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த வீட்டில், கூப்பிடுவாள். கூட வரும் அக்கா குடத்தைத் தூக்குவதில்லை, ஏன் இந்நேரத்தில் தண்ணீர் என்று கேட்பதுமில்லை. கூட நடக்கிறாள்.

ஆற்றுப்படுத்தல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான பழஞ்சொல். ஆறு என்றால் வழி. பரிசு பெற்று வந்த கலைஞன், வறுமையில் வரும் இன்னொருவனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்வது ஆற்றுப்படை; பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அந்த வகை. 'புண் ஆறும்' என்பதிலுள்ள ஆறுதலும் காதில் சேர்ந்தே ஒலிக்கிறது. ஆனாலும் வழிகாட்டும் பொருளே அதில் மேலோங்கி நிற்பதால், ஒருவரை வைத்தியசாலைக்கோ சட்ட உதவிக்கோ அனுப்பிவைக்கும் வேலைக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அந்த வழிகளையும் சொல்லிவிட வேண்டும். பல அரசாங்க வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' இருக்கிறது. சிங்களத்தில் 'மிதுறு பியச'. வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே உள்ள இடம் அது. வன்புணர்வு நடந்திருந்தால் வைத்தியரிடம் சீக்கிரம் போக வேண்டும். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. பகிடிவதை என்ற பெயரில் நடந்த பாலியல் தொல்லையென்றால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பத்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்பதை உளவளத்துணைக்கு வந்தவர்தான் முடிவு செய்வார். முறைப்பாடு செய்யாதவருக்கும் துணை உண்டு. மாணவன் ஒருவனுக்கு நடந்திருந்தாலும் அப்படியே. பேசியது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே விதிவிலக்கு.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. அறிவித்தல் பலகையில் உளவளத்துணை என்று தமிழில் எழுதுங்கள். அதற்குக் கீழே, தமிழில் பேசக்கூடிய துணையாளர் எந்த நாளில், எந்த அறையில் இருப்பார் என்பதையும் எழுதுங்கள்.