அந்த வெட்டிவேரைப் பானையில் போடாதீர்கள்

ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு கட்டு வெட்டிவேரோடு வந்தார். கழுவிக் காயவைத்து வாழைநாரில் கட்டியிருந்தார். பையைத் திறந்ததும் அறை முழுக்க வாசம். "மண்ணைச் சரிபண்ணும்னு நீங்கதானே நடச் சொன்னீங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. நாட்டு மருந்துக் கடையில போட்டா நாலு காசு வருமே சார்?" என்றார்.

நடச் சொன்னது நான்தான். விற்கக் கூடாது என்பதை அன்றே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் நிலத்தில் இருப்பது குரோமியம் என்ற உலோகம். அதன் உப்புதான் தோல் பதனிடப் பயன்படுகிறது. அந்த ஊரில் குரோமிய ரசாயன ஆலை ஒன்று மூடப்பட்ட பிறகும், அதன் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. குரோமியத்தின் வடிவங்களில் ஆறு இணைதிறன் கொண்டதுதான் (குரோமியம்-6) கொடியது. தண்ணீரில் எளிதாகக் கரைந்து கிணறு வரை போய்விடும், புற்றுநோயும் உண்டாக்கும்.

மண்ணிலுள்ள ஆர்சனிக் என்ற நஞ்சை இலை வரை ஏற்றிக்கொள்ளும் பெரணிச் செடி (ஃபெர்ன்) ஒன்று உண்டு. புளோரிடா ஆய்வாளர்கள் 2001-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தச் செடியில் இலையை அறுத்தால் நஞ்சும் கூடவே வெளியேறும். குரோமியம் அப்படி மேலே ஏறாது. பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். வெட்டிவேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மழையில் அரித்துப் போகாமல் காக்கும். அது செய்யும் வேலை அவ்வளவுதான், ஆனால் பெரிய வேலை. நாம் பானைத் தண்ணீரிலும் குளியல் பொடியிலும் போடுவதோ அதே வேரைத்தான்!

"செடி வைத்தால் எத்தனை வருஷத்தில் மண் சுத்தமாகும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் சுமார் 9 லட்சம் கிலோ. கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகம் கூடுதலாக இருந்தால் மொத்தம் 90 கிலோ. நல்ல விளைச்சலில் 4 டன் காய்ந்த செடி, அதிலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அறுவடைக்கு 400 கிராம்தான் வெளியேறும். மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அதனால்தான், கழிவு வருவதை முதலில் நிறுத்தாமல் செடி மட்டும் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அப்புறம், கடுகு. உலோகத்தை உறிஞ்சும் என்று படித்துவிட்டு விதைக்கிறார்கள், சரி. தழையை மாட்டுக்குப் போட்டால் மண்ணில் இருந்தது பாலுக்கும் இறைச்சிக்கும் வர வழியாகிவிடும். எரித்தாலும் உலோகம் அழியாது, சாம்பலில் இருக்கும். குரோமியம் சூட்டில் மறுபடி கொடிய வடிவத்துக்கு மாறவும் கூடும். பிடுங்கிய வெட்டிவேர் அபாயக் கழிவுக்கென அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அதைவிட, பிடுங்காமல் நிலத்திலேயே விட்டுவிடுவது மேல்.

இதையெல்லாம் சொன்னேன். அவர் கட்டைத் திரும்பப் பையில் வைக்கவில்லை.

"மக வீட்டுக்கு ஒரு பிடி குடுத்தனுப்பினேனே, பானையில போடச் சொல்லி" என்றார். அங்கேயே நின்று போனை எடுத்தார்.